உண்ணிக்கு எந்தக் கருவி வாங்குவது? தேனீ வளர்ப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியைப் பற்றியவை. அதிலும் "எந்தக் கருவி வாங்கலாம்" என்பதுதான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பெட்டி, ஐந்து பெட்டி, அதிகம் போனால் பதினைந்து பெட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இரண்டு பெட்டி இத்தாலியத் தேனீ வைத்திருக்கிறேன். போன வாரம் வாசலுக்கு முன்னால் இறக்கை சுருங்கிய தேனீக்கள் நான்கைந்து ஊர்ந்துகொண்டிருந்தன. உடனே ஆக்ஸாலிக் அமிலத்தை ஆவியாக்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?

இறக்கை சுருங்கிய தேனீ வாசலில் ஊர்கிறது என்றால் உள்ளே உண்ணி ஏற்கெனவே பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையைச் சுருக்கும் அந்த வைரஸைப் பெரிய அளவில் பரப்புவதே வரோவாதான், அதுவும் தேனீ கூட்டுப்புழுவாக இருக்கும்போதே ஏற்றிவிடும். எனவே உங்கள் அவசரம் நியாயமானது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. நூறு தேனீக்கு எத்தனை உண்ணி இருக்கிறது என்று எண்ணினீர்களா?

நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஆவிக் கருவி இல்லை, எண்ணும் குடுவை. ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இரண்டு கோப்பை, உள் கோப்பையின் அடியில் வலை, மேலே இறுக்கமான மூடி, அவ்வளவுதான் அந்தக் குடுவை. வலையின் துளை உண்ணி விழும் அளவுக்குப் பெரிதாகவும் தேனீ விழாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும் (உண்ணி 1.6 மில்லிமீட்டர் அகலம்தான், அதனால் 3 மில்லிமீட்டர் வலை போதும்). புழு இருக்கும் சட்டம் (தேனீ அடை கட்டியிருக்கும் மரச் சட்டகம்) ஒன்றை எடுத்து, ராணி அதில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதில் இருக்கும் செவிலித் தேனீக்களை ஒரு தட்டில் உதறி, சுமார் 120 மில்லி அளவுக்கு அள்ளிக் குடுவையில் போடுங்கள். அது ஏறக்குறைய 300 தேனீ. ஆல்கஹாலோ பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரோ ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கினால் உண்ணிகள் அடியில் சேர்ந்துவிடும். எண்ணி மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஒன்பது உண்ணி கிடைத்தால் 3 சதவீதம். புழு வளர்ப்பு மும்முரமாக இருக்கும் காலத்தில் 2 முதல் 3 சதவீதத்தைத் தொட்டாலே சிகிச்சை வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. பருவத் தொடக்கத்தில் நான் 1 சதவீதத்திலேயே உஷாராகிவிடுவேன்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கிய காலத்தில் நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் செய்தேன். ஆவிக் கருவி வாங்கினேன், ஒரே ஒரு முறை பெட்டிக்குள் ஆவி விட்டேன், மறுநாள் அடித்தட்டில் நூற்றுக்கணக்கில் உண்ணி கிடந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன். கீழே விழுந்ததைப் பார்த்தேனே தவிர, மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணவில்லை. ஆறு வாரத்தில் இரண்டு தேனீக் குடும்பங்கள் போய்விட்டன. அந்தச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தபோது பிறக்காமலே செத்த கூட்டுப்புழுக்கள் வரிசையாகக் கிடந்தன, அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக்ஸாலிக் ஆவி தேனீயின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணியை மட்டும்தான் கொல்லும். மெழுகு மூடிய கண்ணறைக்குள் அது நுழையாது. ஆனால் வரோவா பெருகுவது அந்த மூடிய கண்ணறைக்குள்தான். மூடுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே போய்விடுகிறது, மூடிய பிறகு ஒரு ஆண் முட்டையும் அடுத்தடுத்துப் பெண் முட்டைகளும் இடுகிறது, குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து இணைசேர்ந்து, பிறக்கும் தேனீயோடு வெளியே வருகின்றன. பணித் தேனீயின் அறை 12 நாள் மூடியிருக்கும். ஆண் தேனீயின் அறை இன்னும் இரண்டு மூன்று நாள் கூட மூடியிருக்கும், அதனால் உண்ணிக்கு ஆண் அறைமேல் தனி ஆசை. புழு நிறைந்த காலத்தில் உண்ணிகளில் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும். நீங்கள் ஆவி விடும் அன்று அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் பெட்டிகளில் இப்போது மூடிய புழு நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை ஆவி போதாது. மூடிக்குள்ளும் போகும் ஃபார்மிக் அமிலப் பட்டையோ, வாரக்கணக்கில் உள்ளே நின்று வெளிவரும் உண்ணியை எல்லாம் பிடிக்கும் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லிப் பட்டையோதான் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தம். இரண்டுக்கும் கருவி வேண்டாம். நாம் எடுக்கும் தேன் சேரும் தேன் அறை மேலே இருந்தால் அமிட்ராஸ் கூடாது. ஃபார்மிக் பட்டைகளில் சிலவற்றின் லேபிள் மட்டும் தேன் அறையோடு அனுமதிக்கிறது. ஆவிக் கருவியைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகவே எழுதுகிறேன், அது கெட்ட கருவி இல்லை, நேரம் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய கருவி.

கேள்வி: தட்டு வகை, கிண்ண வகை, கேஸ் வகை என்று மூன்று விதமான ஆவிக் கருவிகள் இருக்கின்றன. ஏழு பெட்டி வைத்திருப்பவருக்கு எது சரி?

தட்டு வகை. வாரோக்ஸ் போன்ற கருவிகள் இந்த இனம். நீண்ட கைப்பிடி, முனையில் சின்ன உலோகத் தட்டு, அதற்கடியில் சூடாக்கும் கம்பி, வண்டி பேட்டரியில் மாட்ட இரண்டு கவ்வி. அமிலத்தைத் தட்டில் வைத்து வாசல் வழியாக உள்ளே நுழைத்து, ஈரத்துணியால் இடைவெளியை அடைத்து, மின்சாரம் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆவியாகிவிடும். வாசலை இன்னும் பத்து நிமிடம் அடைத்தே வைக்க வேண்டும். ஏழு பெட்டிக்குத் தட்டைக் குளிரவைப்பது, துடைப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை.

மின்சாரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 150 வாட் தட்டு 12 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய ஒயரைப் போட்டு நீட்டினால் ஒயரிலேயே வோல்ட் இறங்கிவிடும், தட்டு போதிய சூட்டுக்கு வராது, அமிலம் பாதி உருகிக் கெட்டியாகித் தட்டிலேயே நிற்கும். "கருவி சரியில்லை" என்று எழுதியவர்களில் சிலருக்கு உண்மையான சிக்கல் ஒயர்தான் என்று நினைக்கிறேன். தடித்த ஒயர், இறுக்கமான கவ்வி, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் தட்டு தன் வேலையைச் செய்யும். ஒரு பெட்டிக்கு இரண்டரை நிமிடம் என்றால் அரை ஆம்பியர்-மணிதான் செலவு, வண்டி பேட்டரிக்கு ஏழு பெட்டி ஒரு பாரமே இல்லை.

கிண்ண வகை என்றால் சப்ளிமாக்ஸ் போன்றவை. கிண்ணம் வெளியே சூடாகவே இருக்கும். அமிலத்தை மூடிக்குள் வைத்துக் கவிழ்த்தவுடன் அரை நிமிடம் போல ஆகும், ஆவி மொத்தமும் குழாய் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போகும். பெட்டியின் பின்பக்கம் சிறு துளை போட்டு அதன் வழியாகவும் விடலாம், தேனீ நெரிசலான வாசலில் மல்லுக்கட்ட வேண்டாம். வேகம் அபாரம். ஆனால் பெரும்பாலும் வீட்டு மின்சாரமோ இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வேண்டும். 300 வாட் கருவியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 25 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்கும், அதைத் தாங்கும் இன்வெர்ட்டரா என்று பார்த்து வாங்குங்கள். இந்தக் கருவியின் குழாயில் அமிலம் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாயோடு சூடாக்கினால் அழுத்தம் ஏறி மூடி தெறித்துவிடும், முகத்துக்கு நேராகச் சூடான அமில ஆவி வரும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் குழாயில் கம்பி விட்டுப் பாருங்கள், முடிந்ததும் கொஞ்சம் வெந்நீரை ஆவியாக்கி வெளியேற்றுங்கள்.

கேஸ் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆக்ஸாலிக் அமிலம் 157 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆவியாகும், 190-ஐ நெருங்கும்போது சிதைந்து வேறு பொருளாக மாறத் தொடங்கும். மின்சாரக் கிண்ணத்தில் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு சென்சார் இருக்கிறது. தீ நாக்கில் அப்படி ஒன்றும் இல்லை, எவ்வளவு அமிலம் உருப்படியாக உள்ளே போனது என்று சொல்லவே முடியாது. அதோடு காய்ந்த புல்லுக்கும் மரப்பெட்டிக்கும் நடுவே திறந்த தீயை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். புகையடிக்கும் ஃபாகர் கருவியில் அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்து அடிக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது, அது இன்னும் ஆபத்து. ஆல்கஹால் தீப்பிடிக்கும், அளவும் தெரியாது.

ஏழு பெட்டிக்கு என் தேர்வு தட்டு வகைதான். பதினைந்தைத் தாண்டும் எண்ணம் இருந்தாலோ, பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பங்குபோட்டு வாங்க முடிந்தாலோ கிண்ண வகைக்குப் போங்கள்.

அமில அளவு லேபிளுக்கு லேபிள் மாறும். புழு அறைக்கு (ராணி முட்டையிட்டுப் புழு வளரும் பெட்டி) 1 கிராம் என்றும் பெட்டிக்கு 2.3 கிராம் என்றும் புழு அறைக்கு 4 கிராம் வரை என்றும் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டில் தேனீக்கென்று பதிவுசெய்யப்பட்ட பொருளை வாங்கி அதில் அச்சிட்டதைப் பின்பற்றுங்கள். சில தயாரிப்புகளில் குளுக்கோஸ் கலந்திருக்கும், அது தட்டில் கருகிப் பிடிக்கும். சூடு ஆறியதும் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

கேள்வி: காற்று வீசும் பக்கம் பார்த்து நின்றுகொண்டால் போதாதா? தூசிக்குப் போடும் என்95 முகக்கவசம் என்னிடம் இருக்கிறது.

போதாது. காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது கூடுதல் எச்சரிக்கைதான், கவசத்துக்குப் பதில் ஆகாது, காற்று எந்த நொடியும் திரும்பும். என்95 துகளை வடிகட்டும், அமில ஆவியைத் தடுக்காது. உங்களுக்கு வேண்டியது ரப்பர் விளிம்புள்ள அரைமுக மாஸ்க், அதில் அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆக்ஸாலிக் ஆவி வெளிக்காற்றில் பட்டதும் மிக நுண்ணிய படிகமாக மாறிவிடும், அதனால்தான் இரண்டும் சேர்த்துக் கேட்கிறேன். கண்ணுக்கு முழுக்க மூடும் கண்ணாடி, கைக்கு நைட்ரைல் கையுறை. தேனீ உடையின் வலை எதையும் தடுக்காது. தாடி வைத்திருப்பவர்களுக்கு மாஸ்க் விளிம்பு ஒட்டாது, ஒட்டாத மாஸ்க் போட்டும் போடாததற்குச் சமம்.

இந்த நெடியை ஒருமுறை இழுத்தவர்களுக்குத் தெரியும், தொண்டை அப்படியே அடைத்துக்கொண்டு இருமல் நிற்காது. நுரையீரல் ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிதான். மாஸ்க்குக்கு ஒதுக்கப் பணம் இல்லை என்றால் ஆவிக் கருவியை வாங்காதீர்கள், அடுத்த பதிலில் இருக்கும் சிரிஞ்ச் முறைக்குப் போங்கள்.

கேள்வி: கருவியே இல்லாமல் ஆக்ஸாலிக் அமிலம் கொடுக்க முடியுமா?

முடியும். 60 மில்லி சிரிஞ்ச் ஒன்று, எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று. பரவலாக இருக்கும் லேபிள் அளவு இது: சம எடை சர்க்கரையும் நீரும் கலந்த 1 லிட்டர் பாகில் 35 கிராம் ஆக்ஸாலிக் அமில டைஹைட்ரேட் (நீர் சேர்ந்த படிக வடிவம்). சட்டங்களுக்கு நடுவே தேனீ நிறைந்திருக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் 5 மில்லி, தேனீக்கள்மேலேயே படும்படி மெதுவாக விட வேண்டும். ஒரு பெட்டிக்கு மொத்தம் 50 மில்லியைத் தாண்டக் கூடாது.

புழு இல்லாத நேரத்தில், ஒரே ஒரு முறை. தேனீக்கள் இதைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும், திறந்த புழுவுக்கு இது ஆகாது, திரும்பத் திரும்பக் கொடுத்தால் குடும்பம் மெலியும். ஆவி முறையில் அந்தப் பாதிப்பு குறைவு. கலந்த பாகை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து நாளாக நாளாக எச்எம்எஃப் என்ற பொருள் உண்டாகும், அது தேனீக்கு நஞ்சு. இரண்டு பெட்டிக்காரர்களுக்கு, புழு இல்லாத இடைவெளி கிடைத்தால், இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: "புழு இல்லாத நேரம்" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். குளிரே இல்லாத இடத்தில் எங்கள் ராணி வருடம் முழுக்க முட்டையிடுகிறது. நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உண்ணி பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி கடும் குளிர் உள்ள நாடுகளின் கணக்கில் எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் புழு தானாக நின்றுவிடும், அப்போது ஒரே ஒரு ஆக்ஸாலிக் சிகிச்சை 90 சதவீதத்துக்கு மேல் உண்ணியைத் தீர்த்துவிடும். உங்களுக்கு அந்த இடைவெளி இயற்கையாக வராது. அப்படியென்றால் நீங்களே உண்டாக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய கருவி ராணிக் கூண்டு. பணித் தேனீக்கள் உள்ளே போய்வரலாம், ராணி மட்டும் வெளியே வர முடியாது. பெட்டியின் நடுச் சட்டத்தில், புழுவுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டால் குடும்பம் அவளைக் கவனித்துக்கொள்ளும், அவள் வாசனை பெட்டி முழுக்க இருக்கும். கூண்டில் போட்ட நாளில் இட்ட முட்டை பணித் தேனீயாகப் பிறக்க 21 நாள், ஆண் தேனீயாகப் பிறக்க 24 நாள். ஆகவே 24, 25 நாள் கழித்துப் பார்த்தால் மூடிய கண்ணறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அன்று ராணியை விடுவித்துவிட்டு அன்றோ அடுத்த இரண்டு மூன்று நாளிலோ ஆக்ஸாலிக் கொடுங்கள். ராணி புதிதாக இடும் முட்டைகள் மூடப்பட எட்டு ஒன்பது நாள் ஆகும், அந்த இடைவெளிக்குள் ஒளிய இடமில்லாமல் உண்ணி எல்லாம் தேனீ உடம்பில்தான் உட்கார்ந்திருக்கும். சிரிஞ்ச் முறை என்றால் முட்டை பொரிந்து புழு வருவதற்கு முன்பே, அதாவது விடுவித்த மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். தட்டாக இருந்தாலும் சரி, கிண்ணமாக இருந்தாலும் சரி, சிரிஞ்சாக இருந்தாலும் சரி, அன்று எல்லாமே நன்றாக வேலைசெய்யும்.

ராணியைத் தேடிப் பிடிக்கும் துணிச்சல் வர வேண்டும், அது கையில் பழகிய பிறகுதான் வரும். மூன்றரை வாரம் முட்டை நின்றால் தேனீ எண்ணிக்கை கொஞ்சம் குறையும், ஆகையால் பெரிய தேன் வரத்துக்கு (பூக்கள் நிறைந்து தேன் குவியும் காலம்) முன்னால் இதைச் செய்யாதீர்கள், வரத்து முடிகிற சமயத்தில் செய்யுங்கள். அப்போது புழுவை வளர்க்கும் வேலை இல்லாத தேனீக்கள் தேன் சேர்க்கப் போகும் என்பது கூடுதல் லாபம்.

"கூண்டெல்லாம் வேண்டாம், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்று சிலர் எழுதுகிறார்கள். புழு நிறைந்த பெட்டியில் 1 கிராம் வீதம் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்த ஆய்வுகளில் உண்ணி எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. அளவு கூடுதலாக அனுமதிக்கும் லேபிள் இருந்தால் பலன் கூடலாம். ஆனாலும் ஏழு பெட்டிக்கு ஏழு தடவை மாஸ்க் மாட்டிக்கொண்டு நிற்பதைவிடக் கூண்டு எனக்கு நேரான வழியாகப் படுகிறது.

கேள்வி: ஃபார்மிக் அமிலப் பட்டை வைத்தேன், பத்து நாளில் ராணி காணாமல் போய்விட்டது. மருந்துக்குப் பழி போடலாமா?

வருத்தமாக இருக்கிறது. நல்ல ராணியை இழப்பது சின்ன விஷயம் இல்லை.

பெரும்பாலும் வெயில்தான் காரணமாக இருக்கும். பட்டையின் லேபிளில் பகல் வெப்பம் 10 முதல் 29 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அதைத் தாண்டினால் அமிலம் மளமளவென்று ஆவியாகிவிடும், ராணியும் இளம் புழுவும் தாங்காது. வைத்த முதல் மூன்று நாள்தான் மிக முக்கியம், அந்த மூன்று நாளின் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் பட்டையைப் பிரிக்க வேண்டும். வாசலை முழு அகலத்துக்குத் திறந்து வையுங்கள். வலை அடிப்பலகை இருந்தால் அதன் தட்டை மட்டும் உள்ளே தள்ளி மூடுங்கள். சின்னக் குடும்பத்துக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

நாசென்ஹைடர் போன்ற ஆவியாக்கிகளும் இருக்கின்றன. திரவ ஃபார்மிக் அமிலம் ஒரு புட்டியிலிருந்து திரிக்கு இறங்கி மெதுவாக ஆவியாகும், திரியின் அளவை மாற்றி வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 60 சதவீத ஃபார்மிக் அமிலத்தைக் கையால் ஊற்ற வேண்டும், தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இல்லாமல் அந்தப் புட்டியின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் பட்டையோடு இருங்கள். வெயில் 30-ஐத் தாண்டும் இடங்களில் தைமால் (தைம் செடியின் எண்ணெயில் இருக்கும் பொருள்) கொஞ்சம் ஒத்துவரும், அதற்கு 15 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சட்டங்களுக்கு மேலே காற்று உலவ ஒரு மரச்சட்டம் வைத்து உயர்த்த வேண்டும், அந்தச் சட்டம் ஒன்றுதான் கருவி. தேன் அறை இருக்கும்போது வைத்தால் தேனில் தைமால் வாசனை ஏறிவிடும்.

கேள்வி: எண்ணிப் பார்க்க 300 தேனீயைக் கொல்ல மனம் வரவில்லை. மாவுச் சர்க்கரையில் குலுக்கினால் தேனீ பிழைக்குமாமே?

பிழைக்கும். அந்த முறையும் சரியான முறைதான். தேனீயோடு மாவுச் சர்க்கரையைப் போட்டு உருட்டி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வலை வழியாக உதறினால் பிடி நழுவிய உண்ணிகள் விழும். ஈரக்காற்றில் சர்க்கரை கட்டிபிடித்துவிடும், அப்போது உண்ணி சரியாக விழாது, கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். அப்படிக் குறைந்த எண்ணைப் பார்த்து "பரவாயில்லை" என்று விட்டுவிடும் ஆபத்துதான் எனக்குப் பயம்.

மனம் வரவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் மதிக்கிறேன், எனக்கும் குடுவையைக் குலுக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல குடும்பத்தில் பருவத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டைக்கு மேல் இடுகிறாள் ராணி. 300 தேனீ போனால் அரை நாளில் ஈடாகும். எண்ணாமல் விட்டால் முப்பதாயிரமும் போகும். சர்க்கரை முறையையே வைத்துக்கொள்வதானால் காய்ந்த நாளில் செய்யுங்கள், 2 சதவீதம் வந்தாலே 3 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வலை அடிப்பலகை, சூடேற்றும் கருவி, ஒலி அலைக் கருவி, இவை மருந்தில்லாமல் உண்ணியைத் தீர்க்குமா?

வலை அடிப்பலகை: கீழே விழும் உண்ணி திரும்பி ஏறாது என்பதால் சிறு குறைப்பு உண்டு, அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அடித்தட்டில் எண்ணெய் பூசி ஒரு நாளைக்கு எத்தனை விழுகிறது என்று பார்க்க உதவும், அந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம். எறும்பு இருந்தால் விழுந்த உண்ணியைத் தூக்கிப்போய்விடும், கணக்கு பொய்யாகும்.

சூடு: 40 முதல் 42 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தால் உண்ணி சாகும், புழு தாங்கும், மூடிய கண்ணறைக்குள்ளும் சூடு போகும். யோசனை நல்லது. ஆனால் புழு அறை எப்போதும் 35 டிகிரியில் இருக்கும் இடம், பெட்டியின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இரண்டு டிகிரி மாறினாலே ஒரு பக்கம் உண்ணி பிழைக்கும், இன்னொரு பக்கம் புழு சாகும். இரண்டு பெட்டிக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம்.

ஒலி அலை: வாங்காதீர்கள். நம்பும்படியான சான்று எதையும் நான் பார்த்ததில்லை.

மருந்தில்லாமல் என்று கேட்டதால், நீங்கள் பட்டியலில் விட்ட ஒன்று. ஆண் அடைச் சட்டம். பெரிய கண்ணறை அச்சிட்ட சட்டத்தைப் புழு அறையில் வைத்தால் ராணி அதில் ஆண் முட்டை இடுவாள், உண்ணி அங்கே குவியும், மூடிய பிறகு எடுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால் மொத்தமாகப் போய்விடும். முட்டை இட்ட 24-ஆம் நாளுக்கு முன் எடுத்தே ஆக வேண்டும், மறந்துபோனால் உண்ணிக்கு நீங்களே பண்ணை வைத்துக் கொடுத்தது போல ஆகும். தேதியைச் சட்டத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அடைமேல் வரோவாவைவிடச் சின்னதாக, நீளமாக ஒரு உண்ணி விறுவிறுவென்று ஓடுகிறது. இதுவும் அதே இனமா?

இல்லை, டிரோப்பிலேலாப்ஸாக இருக்கலாம். வரோவா நண்டு போல அகலமாக, தேனீ உடம்பில் பதுங்கி இருக்கும். இது ஒரு மில்லிமீட்டருக்குள், நீளவாக்கில், அடைமேல் ஓடும். குடுவையில் எண்ணினால் இது அவ்வளவாகச் சிக்காது, ஏனென்றால் தேனீமேல் அதிகம் உட்காருவதில்லை. புழு அடையை ஒரு வெள்ளைத் தட்டின்மேல் ஓங்கித் தட்டி விழுவதைப் பாருங்கள். வளர்ந்த தேனீயிடமிருந்து இதனால் உணவு எடுக்க முடியாது, புழு இல்லாமல் சில நாளுக்கு மேல் தாங்காது, எனவே மேலே சொன்ன ராணிக் கூண்டு இதற்கு வரோவாவைவிட நன்றாகவே வேலைசெய்யும். பல நாடுகளில் இதைக் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்தது. பெட்டி நலமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதே குடுவையால்தான். சிகிச்சைக்கு முன் ஒரு எண், முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு எண். 5 சதவீதம் இருந்தது அரை சதவீதத்துக்குக் கீழே வந்தால் சரி. 3-க்கு வந்திருந்தால் மருந்து வேலைசெய்யவில்லை. அமிட்ராஸ் பட்டையானால் புழுவுக்கு நடுவே தேனீ உரசும்படி வைத்தீர்களா, ஐந்து சட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு சரியா, ஆறு முதல் எட்டு வாரம் நின்றதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் அந்த மருந்துக்கு உண்ணி பழகிவிட்டிருக்கலாம், அடுத்த தடவை வேறு வகைக்கு மாறுங்கள். காலம் முடிந்த பட்டையைப் பெட்டியிலேயே விட்டுவைப்பதுதான் அந்தப் பழக்கத்தை வளர்க்கிறது, ஃப்ளூவாலினேட் என்ற உண்ணி மருந்து பல நாடுகளில் பயனற்றுப் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

எண் நன்றாக இறங்கிய பிறகும் மாதம் ஒருமுறை எண்ணுங்கள். பக்கத்தில் எங்கேயாவது ஒரு குடும்பம் உண்ணியால் சரிந்தால் உங்கள் தேனீக்கள் அங்கே போய்த் தேனைக் கொள்ளையடித்துக்கொண்டு வரும், உண்ணியும் கூடவே வந்துவிடும், சுத்தமான பெட்டி மூன்று வாரத்தில் 4 சதவீதத்துக்கு ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். தேதி, எண், கொடுத்த மருந்து, மூன்றையும் பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். மழையில் நனையாது, அடுத்த தடவை மூடியைத் திறந்ததும் கண்ணில் படும்.